சுபேதார் சாரின் விசில்

கீழே வாட்ச்மேன் யாருடைய காரையோ பின்னால் எடுக்க விசில் ஊதினார். காபியை வைத்துவிட்டு எழுந்தேவிட்டேன்.

எண்பதுகளில் செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் எங்கள் தெரு. மழைக்காலத்துக்கு முன்னால், ஞாயிறுதோறும் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற சுபேதார் விசில் ஊதுவார். வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து மழைநீர்க் கால்வாயைத் தூர்வார வேண்டும். அப்பா அதை நிர்ப்பந்தம் என்பார். அம்மா, அன்புத்தொல்லை என்பாள். சேற்றில் நின்ற அப்பாவைப் பார்த்து பால்காரர் கேட்டதுதான் தெருவில் நிலைத்தது: "இன்னா சார், உங்களயும் பட்டாளத்துல சேத்துகினாரா?"

ஒருமுறை அப்பா குளியலறையில் ஒளிந்துகொண்டார்.

"சார், இப்ப குளிச்சா வேஸ்ட். சேத்துல எறங்கிட்டு வந்து குளிக்கலாம், வாங்க!" என்று வாசலில் சுபேதாரின் குரல் கேட்டது.

எல்லோருக்கும் முன்பாக அவரே இடுப்பளவு சாக்கடையில் இறங்கி நிற்பார். அதனால் யாராலும் மறுக்க முடியாது. பக்கத்துத் தெரு வீடுகளில் பாத்திரம் மிதந்த மழையிலும் எங்களுக்கு வாசற்படி நனைந்ததோடு சரி.

ஒரு வருடம் சுபேதார் கால் உடைந்து படுத்துவிட்டார். ஞாயிறு விடிந்தும் விசில் கேட்கவில்லை. அப்பா ஜன்னல் வழியே மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய்க் கை நீட்டினார்.

"சார், அந்த விசிலக் குடுங்க."