என் தங்கை வெளியே போன மதியம்

என் தங்கை மகளுக்கு ஆறு வயது. நாங்கள் அவளை மேனேஜர் என்றுதான் கூப்பிடுவோம். அவள் உத்தரவில்லாமல் அந்த வீட்டில் ஒரு நாற்காலி நகராது. நகர்ந்தால் கத்தல் ஆரம்பித்துவிடும். அடம் என்று நினைத்துவிடாதீர்கள். நானும் அப்படி நினைத்து, "நாலு சாத்து சாத்தினா சரியாயிடும்" என்று வாய்க்கு வந்ததைப் பேசித் திரிந்தவன்தான். அடம் என்றால் கேட்டது கிடைத்ததும் நின்றுவிடும். இது நிற்காது. மூச்சு முட்டும், கண் எங்கோ நிலைகுத்தும், பெற்றவளையே அடையாளம் தெரியாது.

அதனால் தங்கை மூன்று வருடமாக வீட்டுக்குள்ளேயே கிடக்கிறாள். ஒரு கூரியர் கம்பெனிக்கு வரும் புகார்களுக்குப் போனில் பதில் சொல்லும் வேலை. பாதிப் பேச்சில் ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடுவாள். மச்சானுக்கு வேலை வெளியூரில். மாதம் ஒருமுறை தலை காட்டுவார், மகளுக்கு ஒரு முத்தம் கொடுப்பார், கிளம்பிவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மாதம் தங்கைக்கு சூப்பர்வைசர் வேலைக்கு இன்டர்வியூ வந்தது. ஆபீசுக்குப் போய்ப் பார்க்கும் வேலை. பள்ளி விட்டபின் இரண்டு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் கிடைத்தால் போதும். நான் பஸ் கண்டக்டர், டியூட்டி மாலை ஆறு மணிக்கு மேல்தான். "நான் எதுக்கு இருக்கேன், நீ போ" என்றேன், பெரிய மனுஷன் மாதிரி.

இன்டர்வியூ அன்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "அண்ணா, கத்த ஆரம்பிச்சா பாத்ரூமுக்கு ஓடுவா. கூடவே போ. லைட்டை அணைச்சு, குழாயைத் திறந்து விட்டுட்டு பக்கத்துல உக்காரு. பேசாதே. ஒரு வார்த்தைகூட."

"இவ்வளவுதானே?"

"இவ்வளவுதான். ஆனா பேசாதே."

ஒரு மணி நேரம் நன்றாகத்தான் போனது. பிறகு சிவப்பு க்ரேயான் முறிந்தது. பாத்ரூம், இருட்டு, குழாய் எல்லாம் செய்தேன். ஈரத்தரையில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு வாயை மூடியிருந்தேன். இருபது நிமிடம் இருக்கும். கத்தல் தேம்பலாகிக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டுக்காரர் வந்து வாசல் கதவைத் தட்டினார். "அங்க என்ன கொலையா நடக்குது?"

எனக்கு மானம் போனது. நெரிசலில் இருபத்திரண்டு வருடம் கத்திக் கத்திப் பழகிய தொண்டை, என்னைக் கேட்டுக்கொண்டா திறக்கும்? "போதும், எந்திரி, வெளிய வா" என்று பஸ்ஸின் கடைசி சீட்டுக்குக் கேட்கிற குரலில் அதட்டிவிட்டேன்.

பிள்ளை சுவரில் தலையை முட்ட ஆரம்பித்தாள். பிடிக்கப் பிடிக்க முட்டினாள். தங்கைக்குப் போன் போட்டேன்.

இன்டர்வியூவைப் பாதியில் விட்டுவிட்டு வந்தாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை. நல்ல புடவையோடு தண்ணீரில் உட்கார்ந்து, பிள்ளையின் தலைக்கும் சுவருக்கும் நடுவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். முக்கால் மணி நேரம் அந்தக் கையில்தான் முட்டு விழுந்தது. பிள்ளை தூங்கிய பிறகுதான் வாய் திறந்தாள்.

"உன் மேல கோபமில்லண்ணா."

"அந்த வேலை?"

"அது போகட்டும். எனக்கு ஒண்ணு ஆயிட்டா இவளை யார்கிட்ட விடறதுன்னு யோசிப்பேன். உன் ஒருத்தன் பேருதான் வரும். இன்னைக்கு அதுவும் இல்ல."

நான் குழாயை மூடினேன்.

"கிளம்புண்ணா, டியூட்டிக்கு நேரமாச்சு" என்றாள். பிள்ளை மடியில் கிடந்ததால் அவளால் அசைய முடியவில்லை. என்னால் எழுந்து போக முடியும். போனேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.