நடைக்குச் சேர்த்த பணம்

காலை ஆறு மணிக்குத் தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்தில் கல்லணை வண்டி ஏறினோம். டிக்கெட் ஆளுக்குப் பன்னிரண்டு ரூபாய். முதுகுப் பைகளைப் பார்த்த கண்டக்டர், வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்கள் இந்தப் பக்கம் எதற்கு ஏறுகிறார்கள் என்று கேட்டார். ஆற்றோடு நடந்து பூம்புகார் போகப் போகிறோம் என்று என் கணவர் சேவியர் சொன்னதும், நடக்கிற தூரத்துக்கு டிக்கெட் கிடையாது என்று சிரித்துக்கொண்டே சில்லறை கொடுத்தார்.

கல்லணையிலிருந்து கடல்வரை ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர். இதில் கால் பழகிவிட்டால் அடுத்த தை மாதம் தலைக்காவிரியில் தொடங்கி முழு ஆற்றையும் நடந்துவிடலாம் என்பது திட்டம். திட்டம் புதிதல்ல. கல்யாணமான முதல் வருடமே போட்டது. எங்கள் ஊர் வாய்க்காலில் முதல் தண்ணீர் வந்த அன்று, இந்தத் தண்ணீர் கிளம்புகிற இடத்தைப் பார்த்து அதனோடு கூடவே நடந்து வர வேண்டும் என்று அவர்தான் ஆரம்பித்தார். எனக்கும் அந்த ஆசை தொற்றிக்கொண்டது.

நடப்பதற்கு எதற்குக் காசு என்று என் அண்ணன் கேட்டார். இரண்டு மாதம் சம்பளம் இல்லாமல் இருக்க வேண்டும், வீட்டு வாடகை கட்ட வேண்டும், வழியில் சாப்பிட வேண்டும், படுக்க வேண்டும். சேவியர் அப்போது மோட்டார் காயில் கட்டும் கடையில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாண மண்டபங்களுக்குச் சீரியல் விளக்கு கட்டப் போனார். நான் நர்சரி பள்ளியில் டீச்சர். மாலையில் டியூஷன், அதற்குப் பிறகு சேலைகளுக்கு ஃபால்ஸ் தைத்தேன். அப்படியும் சேரவில்லை. ஊரில் பாதிப்பேர் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. கூத்தாநல்லூர் ஏஜெண்ட் ஒருவர் மஸ்கட்டில் எலக்ட்ரீஷியன் வேலை இருப்பதாகச் சொன்னார். இரண்டே வருடம், நடைக்கும் ஆகும், ஒரு மனைக்கும் ஆகும் என்று சேவியர் கிளம்பினார். மனை வாங்கினோம், வீடு கட்டினோம், அவர் தங்கைக்குக் கல்யாணம் செய்தோம். லீவில் வந்த மாதங்கள் கொத்தனாருக்கும் விருந்துகளுக்கும் போயின. நடைக்கென்று போட்ட அஞ்சலகக் கணக்கை மட்டும் இருவருமே தொடவில்லை. அவர் திரும்பி வந்தபோது பதினோரு வருடம் ஆகியிருந்தது.

கல்லணையில் இறங்கி டீ குடித்துவிட்டு ஏழரைக்கு நடக்கத் தொடங்கினோம். மேட்டூரை மூடிவிட்டதால் தண்ணீர் மணல் திட்டுகளைச் சுற்றிக்கொண்டு மெல்லிசாக ஓடியது. கரையோரம் மூங்கிலும் வாழையும் மாறி மாறி வந்தன. அவர் ஐந்தாவது லீவில் மஸ்கட்டிலிருந்து இரண்டு ஜோடி நடை ஷூ வாங்கி வந்திருந்தார். இந்த நாளுக்காக நாங்கள் அதை அட்டைப் பெட்டியிலேயே வைத்திருந்தோம். பத்து கிலோமீட்டர்கூட ஆகியிருக்காது, என் ஷூவின் அடிப்பாகம் பொரித்த அப்பளம்போல் உதிர்ந்து விழுந்தது. பசை பெட்டிக்குள்ளேயே செத்துப் போயிருந்தது. அவருடையது தாங்கியது. திருக்காட்டுப்பள்ளிக் கடைத்தெருவில் அறுபது ரூபாய்க்கு ஒரு ரப்பர் செருப்பு வாங்கிக்கொண்டேன். அன்றிரவு என் சித்தி மகள் வீட்டில் தங்கினோம்.

மறுநாள் திருவையாறு. வழியெல்லாம் சம்பா அறுவடை. வயலுக்கு வயல் இயந்திரம் இறங்கியிருந்தது. ஒரு புளியமரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இயந்திர டிரைவர் ஆத்தூர்க்காரர். எங்களையும் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். இப்படி நடந்தால் யாராவது காசு கொடுக்கிறார்களா என்று உண்மையாகவே கேட்டார்.

“இல்லீங்க. நாங்கதான் குடுத்துட்டு நடக்குறோம்” என்றார் சேவியர்.

டிரைவருக்கு விளங்கவில்லை. ஆனால் சேவியர் அன்று அப்படிச் சந்தோஷமாக இருந்தார். ஒவ்வொரு மதகிலும் நின்று, அது எந்த ஊருக்குப் பாய்கிறது என்று போகிறவர் வருகிறவரை விசாரித்தார். திருவையாற்றில் நூற்றைம்பது ரூபாய்க்கு லாட்ஜில் அறை. கால் வலியில் எனக்குத் தூக்கம் வரவில்லை. உங்களுக்கு வலிக்கவில்லையா என்று கேட்டேன். துளிகூட இல்லை என்றார். பாலைவன வெயிலில் உழைத்த உடம்பு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பதினோரு மணிக்குக் கணபதி அக்ரகாரத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் ஷூவைக் கழற்றி உதறியபோது கொட்டைப்பாக்கு அளவு ஜல்லிக்கல் ஒன்று விழுந்தது. அவருடைய வெள்ளைக் காலுறை பாதத்தில் சிவந்து ஒட்டியிருந்தது. டீக்கடைக்காரம்மா பார்த்துவிட்டு, எழுந்து ஒரு சொம்பு தண்ணீர் கொண்டு வந்தார். நான் காலுறையை நனைத்து உரித்தேன். பெருவிரலுக்குக் கீழே ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோல் இல்லை. அவர் வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து ஏழு ரூபாய் டிக்கெட்டில் கும்பகோணம். ஒரு தனியார் கிளினிக்கில் காத்திருந்தோம். டாக்டரம்மா காயத்தைச் சுத்தம் செய்துவிட்டு, ஊசிபோன்ற ஒன்றால் பாதத்தில் அங்கங்கே தொட்டுத் தெரிகிறதா என்று கேட்டார். கணுக்காலுக்குக் கீழே அவருக்கு எதுவுமே தெரியவில்லை.

“எத்தன வருசமா சார் கால் மரத்துப் போயிருக்கு?”

“மஸ்கட்ல இருக்கும்போதே. மூணு வருசம் இருக்கும்.”

சர்க்கரை இருப்பது எனக்குத் தெரியும். இது தெரியாது. இனி நீண்ட தூரம் நடக்கவே கூடாது, காலைக் காப்பாற்றிக்கொள்வதுதான் வேலை என்று டாக்டரம்மா சொன்னார். வெளியே வந்து மருந்துக்கடை வாசலில் நின்றபோது, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா நீ நடைய விட்டுருவ, லூர்து.”

மருந்தை வாங்கிக்கொண்டு பக்கத்திலேயே ஒரு லாட்ஜில் அறை எடுத்தோம். அறைக்கு வந்ததும் அவர் வேறு திட்டம் சொன்னார். நான் நடக்க வேண்டும். அவர் பஸ்ஸில் முன்னால் போய் ஒவ்வொரு ஊரிலும் அறை எடுத்துக் காத்திருப்பார். கடல்வரை ஒருத்தராவது போய்ச் சேரட்டும். அவர் முகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை.

நான்காம் நாள் நான் மட்டும். கும்பகோணத்திலிருந்து திருவிடைமருதூர் ஒன்பது கிலோமீட்டர். வெற்றிலை மூட்டை ஏற்றிய சைக்கிள்கள் என்னைத் தாண்டிப் போயின. டவுன் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு கடந்தது. ஜன்னலில் அவர் கையசைத்தார். நல்ல வெயில், நல்ல காற்று, கால் வலியும் குறைந்திருந்தது. ஒரு மதகைக் கண்டதும் அவரிடம் காட்டத் திரும்பினேன். வீட்டில் புதிதாகக் குழாய் போட்டபோதும், மாமரம் முதலில் பூத்தபோதும் இப்படித் திரும்பியிருக்கிறேன். பிறகு சாயந்திரம் எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நின்று மஸ்கட்டுக்குப் போன் போட்டுச் சொல்வேன்.

பத்தரை மணிக்குத் திருவிடைமருதூர். கோவில் கோபுரத்துக்கு எதிரே ஒரு கடை வாசலில் கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எனக்காக வாங்கிய மோரைக் கையில் வைத்திருந்தார். குடித்துவிட்டு, தஞ்சாவூர் பஸ் எங்கே நிற்கும் என்று கடைக்காரரிடம் விசாரித்தேன்.

“என்ன லூர்து, நல்லாத்தானே நடந்த? ஏன் நிறுத்துற?”

“நீங்க இல்லாம போறது எனக்குப் பழக்கம்தாங்க. பதினோரு வருசம் போயாச்சு. இதையும் எதுக்கு அப்படிப் போகணும்?”

 அவர் எழுந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு நிறுத்தத்துக்கு வந்தார்.

பஸ் தஞ்சாவூர் வர இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. ஜன்னலோர இருக்கையை அவருக்கு விட்டேன். பாபநாசம் தாண்டும்வரை அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். எந்த வாய்க்கால் என்ன பெயர் என்று யாரையும் கேட்கவில்லை. நிலையத்திலிருந்து எங்கள் வீடு ஒன்றரை கிலோமீட்டர். ஆட்டோக்காரர் நாற்பது ரூபாய் கேட்டார். நடைக்கென்று கணக்கிலிருந்து எடுத்த பணத்தில் பெரும்பகுதி பையில் அப்படியே இருந்தது. பேரம் பேசாமல் ஏறிக்கொண்டோம்.