வித்தூன் மாமாவின் இடது பக்கம்

பக்கவாதம் வந்தபின் வித்தூன் மாமாவுக்கு உலகத்தில் இடது பக்கம் என்று ஒன்றே இல்லாமல் போயிற்று. தட்டில் வலது பாதிச் சோற்றை மட்டும் தின்றுவிட்டு, ஆஸ்பத்திரியில் அரை வயிற்றுக்குத்தான் போடுகிறார்கள் என்று என்னிடம் சண்டைக்கு வருவார். முப்பது வருஷம் தாய்லாந்தின் அம்பவா வாய்க்காலில் படகு எஞ்சின் பழுது பார்த்தவர். அந்த ஆஸ்பத்திரியில் அவருக்குச் சக்கர நாற்காலி ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் வேலை.

நாற்காலியை நிறுத்தினால் முதலில் வலது பிரேக், பிறகு, இடது கை அசையாததால், வலது கையையே குறுக்கே நீட்டி இடது பிரேக். இடதை மறந்தே போவார். அதில் சிவப்புத் துணி கட்டினேன், திட்டினேன், ஒரு நாள் முழுக்கப் பேசாமலும் இருந்தேன். அவருக்கு ஒரே ஆசை. விடிகாலையில் படகில் வரும் பிக்குவுக்கு, வீட்டுத் துறையில் தன் கையால் சோறு போட வேண்டும். அந்தத் துறைப் பலகைகள் மழைநீர் வடிவதற்காக வாய்க்காலை நோக்கிச் சரிந்திருக்கும்.

ஐந்தாம் வாரம் ஒரு நாள், பத்து முறை நிறுத்தச் சொன்னதில் பத்து முறையும் இரண்டு பிரேக்கையும் சரியாகப் போட்டார். அன்றே ஆஸ்பத்திரிச் சரிவுப் பாதையில் எதிரே ஒரு பிக்கு வந்தார். மாமாவின் வலது கை சக்கரத்தை விட்டுவிட்டு நெற்றிக்குப் போயிற்று. நாற்காலி ஓடிச் சுவரில் மோதியது.

"சாமியப் பாத்தா கை தானா மேல போகுது. நான் என்னம்மா பண்ண?" என்றார்.

"பிரேக் போட்டுட்டுக் கும்பிடுங்க மாமா. அங்க சுவர் இல்ல, தண்ணி."

கைப்பிடியைப் பிடித்தபடி பின்னால் எப்போதும் ஓர் ஆள் நிற்க வேண்டும் என்று அவர் மனைவி லம்ஜுவன் அத்தையிடம் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்தது. முதல் நாள் நீயே வந்து பிடி என்றார் அத்தை. போனேன்.

படகு வந்தது. மாமா இரண்டு பிரேக்கையும் போட்டுவிட்டு, சிவப்புத் துணியைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். சோறு பாத்திரத்தில் விழுந்தது. பிக்கு ஆசி சொல்லிவிட்டு நகர்ந்தார். அப்பாடா என்றிருந்தது. மாமா பிரேக்குகளை எடுத்தார். நாற்காலியைத் திருப்பப் போகும்போது, நோயில் விழுந்து எழுந்தவராயிற்றே என்று பிக்கு படகைத் திருப்பி வந்து, அவருக்கென்று தனியாக ஓதத் தொடங்கினார்.

அத்தை மண்டியிட்டார். மாமாவின் கை நெற்றிக்குப் போயிற்று. நான் கண்களை மூடினேன்.

பலகையில் சக்கரம் உருளும் சத்தம் கேட்டுத் திறந்தபோது, என் இரண்டு கைகளும் நெஞ்சுக்கு நேரே கூப்பியிருந்தன.

மாமாவின் உடலை எடுக்க அரை மணி நேரமாயிற்று. லம்ஜுவன் அத்தை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.