எவடத்து ஆள்?

போன கிழமை என் மகள் சாப்பாட்டு மேசையில் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு சரித்திரம் பாடமாக்கிக்கொண்டிருந்தாள். பரீட்சைக்கு ஜப்பான். பிரபுக்கள் தங்கள் நிலங்களைச் சக்கரவர்த்தியிடம் ஒப்படைத்தார்கள், சாமுராய்கள் குடுமியை வெட்டினார்கள், வாளைக் கீழே வைத்தார்கள், ரயில் வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, கட்டாய ராணுவ சேவையும் வந்தது. ஆங்கிலத்தில் கடகடவென்று சொல்லிக்கொண்டு வந்தவள், கடைசி வரியை மட்டும் எனக்காகத் தமிழில் சொன்னாள்.

"பிறப்பாலை வாற உயர்வு தாழ்வை எல்லாம் சட்டம் போட்டு எடுத்திட்டாங்கள் அப்பா. அவ்வளவுதான், சப்டர் முடிஞ்சுது."

நான் அடுப்படியில் சம்பலுக்கு மாசிக் கருவாடு இடித்துக்கொண்டிருந்தேன். "ஓம் பிள்ளை" என்றேன். வேறென்ன சொல்ல ஏலும்? மாசி மணம் வேறு அந்த நேரம் பார்த்து மூக்கில் ஏறிவிட்டது.

மாசி என்றால் உங்களுக்கு ஊர் ஞாபகம் வரும். எனக்கு ஈலிங்கில் இருந்த ஒரு ஜப்பானியச் சாப்பாட்டுக்கடையின் பின்கட்டுத்தான் வரும். லண்டனுக்கு வந்த புதிதில் நான் அங்கே கோப்பை கழுவினேன். முதல் நாள் உள்ளே நுழைந்ததும் மாசி மணத்தது. யாரோ எங்கடை ஆள்தான் சமைக்கிறான் என்று சந்தோசப்பட்டு எட்டிப்பார்த்தால், ஒல்லியான ஒரு ஜப்பான்காரர் கருவாட்டைப் பூப்பூவாகச் சீவிக்கொண்டு நிற்கிறார். அவர்களுடைய ரசத்துக்கு அதுதான் அடித்தளமாம். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றதைப் பார்த்து ஒரு சிட்டிகை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அவர் பெயர் கெஞ்சி. தமிழில் அதற்கு வேறு அர்த்தம் என்று நான் சொன்னபோது சிரிசிரியென்று சிரித்தார். ஆனால் அவர் யாரிடமும் கெஞ்சி நான் கண்டதில்லை.

எங்கள் இருவருக்கும் இருந்தது அரைகுறை ஆங்கிலம். அது இப்போது என் தலைக்குள் தமிழாகத்தான் கிடக்கிறது.

ஒரு மத்தியானம், கடையில் கூட்டம் இல்லாத நேரம், முள்ளங்கி சீவிக்கொண்டிருந்தவரிடம் ஏன் கலியாணம் கட்டவில்லை என்று கேட்டேன். இதெல்லாம் கேட்கக்கூடாது என்று எனக்கு அப்போது தெரியாது. நமக்கு அது சுகம் விசாரிப்பது போலத்தானே.

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "எங்கள் நாட்டில் முன்னர் வாள் வைத்திருந்தவர்கள் மேலே. பிறகு வயல் செய்கிற கமக்காரர், கைத்தொழில் செய்பவர்கள், வியாபாரிகள். எல்லோருக்கும் கீழே, எண்ணிக்கையில் சேர்க்காத ஆட்கள் இருந்தார்கள். செத்த மாட்டின் தோல் உரிப்பவர்கள். நாங்கள் அவர்கள்."

பிறகு புதிய அரசாங்கம் வந்தது. இனி எல்லோரும் ஒன்று என்று ஆணை பிறந்தது. "எங்களுக்கு வைத்திருந்த இழிபெயரை நீக்கினார்கள். கூடவே எங்களிடம் மட்டும் இருந்த தோல் தொழிலும் கைவிட்டுப் போனது. ஆனால் எங்கே இருந்தோம் என்பதை யாரும் மறக்கவில்லை."

கெஞ்சி ஒரு பெண்ணை விரும்பியிருக்கிறார். மோதிரம்கூட மாற்றியாகிவிட்டது. பெண்ணின் தகப்பன் ஆள் வைத்து அவருடைய பூர்வீக விலாசத்தை விசாரித்தார். இன்ன ஆற்றங்கரை, இன்ன தெரு. அதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை. ஒரு கிழமைக்குள் மோதிரம் தபாலில் திரும்பி வந்தது. கெஞ்சி லண்டனுக்கு விமானம் ஏறிவிட்டார்.

சவுத்தாலில் ஒரு கடைக்கு மேலே நானும் என் தங்கை வாணியும் குடியிருந்தோம். அன்றைக்கு வீட்டுக்குப் போய் இந்தக் கதையை அவளுக்குச் சொன்னேன். சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. சாப்பாடு இறங்கவில்லை. எவ்வளவு நல்ல மனசு எனக்கு என்று நானே நினைத்துக்கொண்டேன். பாருங்கோ.

ஆறு மாதம் கழித்து வாணி செல்வனைப் பற்றிச் சொன்னாள். ஆங்கில வகுப்பில் பழக்கமாம். வயரிங் வேலை செய்கிற அமைதியான பொடியன். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்தான், குடித்த கோப்பையைத் தானே கழுவி வைத்தான். எனக்கும் பிடித்திருந்தது. "ஊரிலை எவடம் தம்பி?" என்று கேட்டேன். சொன்னான். கோயிலின் வடக்குப் பக்கமா தெற்குப் பக்கமா என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த நாள் ஊருக்குப் போன் எடுத்தேன். பெரியம்மாவிடம், "எவடத்து ஆள் எண்டு ஒருக்கா விசாரிச்சுச் சொல்லுங்கோ" என்றேன். இரண்டு நாளில் பதில் வந்தது. ஆமியும் இடப்பெயர்வும் ஊரையே பிரட்டிப் போட்டிருந்த காலம், யார் உயிரோடு இருக்கிறார்கள் என்றே தெரியாது. ஆனால் இதற்கு மட்டும் இரண்டே நாளில் பதில் வந்தது. கோயிலுக்குத் தெற்குப் பக்கமாம், எங்கள் ஆட்கள் தண்ணி வாங்கிக் குடிக்காத பக்கம்.

"இது சரிவராது வாணி" என்றேன்.

"இஞ்சை ஆருக்குத் தெரியும் அண்ணை?"

"அங்கை தெரியும்."

"நீங்கள்தானே அந்த ஜப்பான் மனுசனை நினைச்சுச் சாப்பிடாமல் படுத்தனீங்கள்?"

நான் பெரிய அண்ணன் போலச் சத்தம் போட்டேன். அவள் இரண்டு பைகளோடு சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்தக் கிழமையே கடைக்குப் போய்க் கெஞ்சியைப் பார்த்துப் பேசியிருக்கிறாள். அது எனக்கு லீவு நாள். மறுநாள் அவர் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கோபம் ஒன்றும் தெரியவில்லை.

"போன் எடுத்து விசாரித்தது நீதானா?"

"ஓம்."

"என்னை விசாரித்த ஆளை நான் கண்டதே இல்லை. எப்படிப்பட்ட முகமாக இருக்கும் என்று இத்தனை வருசமும் யோசித்திருக்கிறேன்."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

கலியாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. சாட்சிக் கையெழுத்துப் போட்டது கெஞ்சி என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்தச் சனிக்கிழமை அவர் லீவு. நான் காலையிலிருந்து கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு சொல், ஒரு பஸ் பயணம், அவ்வளவுதான் தேவைப்பட்டது. நான் போகவில்லை. அடுத்த வருசம் போகலாம் என்று நினைத்தேன், பிறகு அதற்கடுத்த வருசம். அவர்கள் குடிபோன எட்மண்டனும் லண்டன்தான், அதற்கும் சவுத்தாலுக்கும் இடையில் கடல் ஒன்றும் இல்லை.

அந்தக் கடை இப்போது போன் திருத்துகிற இடம். கெஞ்சி தாயைப் பார்க்க என்று போனவர் திரும்பி வரவில்லை. என்னிடம் சொல்லிக்கொண்டும் போகவில்லை.

வாணி வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள் என்று எனக்குத் தெரியவந்தபோது அவள் போய் இரண்டு நாள். தகன மண்டபத்தில் கடைசி வரிசையில் நின்றேன். செல்வன் தலை நரைத்துப் போயிருந்தான். தூரத்திலிருந்தே கண்டுவிட்டு வந்து, "வாங்கோ அண்ணை" என்று கையைப் பிடித்தான். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வெளியே தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு நின்ற பெண்பிள்ளைக்கு வாணியின் நெற்றி, வாணியின் கண். கோப்பையை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"தேங்க்ஸ் ஃபோர் கமிங், அங்கிள். அம்மாவை எப்பிடித் தெரியும்?"

செல்வன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் முந்திவிட்டேன்.

"ஒரே ஊர், பிள்ளை" என்றேன்.