காலுக்கு ஒரு ஆடு

கல்வராயன் மலையில் பஸ்ஸுக்கு நிற்கிறேன். பக்கத்தில் ஒரு பெண், கால் வீங்கிய அவள் புருஷன், ஒரு வெள்ளாடு. ஆட்டைக் கள்ளக்குறிச்சியில் விற்றுவிட்டு, தனியார் டாக்டரிடம் காலைக் காட்டப் போகிறார்கள்.

“கவர்மென்ட் ஆஸ்பத்திரியில சும்மாவே பாப்பாங்களே?” என்கிறேன்.

“பாக்குறாங்க. ஆனா காசு குடுத்தாதாண்ணே, ‘இன்னும் இன்னாத்துக்கு வலிக்குது’ன்னு கேக்க எனக்கு வாய் வருது.”

நான் மஸ்கட்டில் மூட்டை தூக்கியவன். அங்கே வைத்தியச் செலவு கம்பெனியுடையது, டாக்டரும் கம்பெனி காட்டுகிறவர்தான் என்று அவளிடம் சொல்கிறேன்.

“குடுத்து வெச்சவரு நீங்க. அந்த டாக்டரு பாத்தும் சரியாவலைன்னா?”

“முதுகு வலியோட ஊருக்கு அனுப்பிட்டாங்க.”

புருஷன் ஆட்டின் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொள்கிறான்.

“அண்ணன்கிட்ட ஆடு இல்ல போல,” என்கிறான் அவளிடம்.