அண்ணியின் பெயரில் என் கடை

இந்தக் கடை யாருடையது?

திண்டிவனத்தில் ஆடிட்டர் அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். சுலபமானதை முதலில் கேட்டு முடித்துவிடலாம் என்று அவர் நினைத்திருப்பார். படிவத்தின் முதல் கட்டத்தில் எழுத வேண்டியது அது. நான் கணக்கு நோட்டை எடுத்து நீட்டினேன். அவரே வேறு விதமாகக் கேட்டார்.

"பான் கார்டு யார் பேர்லம்மா?"

"எங்க அண்ணி பேர்ல மேடம். என் ஹஸ்பெண்டோட அக்கா."

"ஜி.எஸ்.டி.?"

"அதுவும் அவங்க பேர்லதான்."

"பேங்க் அக்கவுண்ட்?"

"அவங்களோடது."

"அப்ப அவங்க கடை. நீங்க யாரு?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நானும் சிரித்தேன். மடியில் பாப்பா அவர் மேசைமேல் இருந்த ஸ்டேப்ளரை எடுக்கத் தாவிக்கொண்டிருந்தாள். அவளைப் பிடித்து உட்கார வைக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் கிடைத்தது.  அந்தக் கேள்விக்கு இன்றும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கைக்குழந்தைகளுக்கான துணிகளை நாங்கள் ஆன்லைனில் விற்கிறோம். முடிச்சுப் போட்டுக் கட்டும் பருத்தி நாப்பி, முன்பக்கம் கயிறு வைத்த ஜப்லாச் சட்டை, தலைக்குக் குல்லா. பாப்பா பிறந்தபோது கடையில் வாங்கியதெல்லாம் அவள் இடுப்பில் தடிப்பை உண்டாக்கியது. ஈரோட்டிலிருந்து மெல்லிய துணி வரவழைத்து எங்கள் தெருவில் தைக்கிற அம்மாவிடம் கொடுத்தேன். பார்த்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். நான் பி.காம். படித்தவள். வீட்டில் இருந்துகொண்டே செய்யக்கூடிய தொழில் என்று தோன்றியது.

விற்பனை ஆப்பில் சேரப் போனால், வெளி மாநிலத்துக்கும் அனுப்ப ஜி.எஸ்.டி. எண் வேண்டும் என்றார்கள். அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. என் பான் கார்டில் அப்பாவின் இனிஷியல் இருந்தது. கல்யாணமானதும் ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பதற்காக ஆதாரில் கணவரின் இனிஷியலுக்கு மாறிவிட்டேன். எங்கள் பக்கம் எல்லாப் பெண்களும் அப்படித்தான் மாறுகிறோம். மாமியார் வீட்டில் அதை ஒரு மரியாதையாகவும் பார்க்கிறார்கள். ஆனால் இரண்டு அட்டைகளும் பொருந்தாததால் என் விண்ணப்பம் திரும்பி வந்தது. அதைச் சரிசெய்வதற்குள் இன்னொன்று கேட்டார்கள். வீட்டு ஓனரின் ஒப்புதல் கடிதம்.

ஓனர் வாசலிலேயே நிறுத்திப் பேசினார். "கடைன்னு எழுதிட்டா கரண்ட் பில்லு கடை ரேட்டுக்குப் பூடும்மா. நாளைக்கு நீங்க காலி பண்ணிக்கினு போயிடுவீங்க. நான் கட்டிக்கினு கெடக்கணும்."

அந்த வாரம் விழுப்புரத்திலிருந்து அண்ணி வந்திருந்தார். அவர் கணவர் பிரிந்து போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. ஒரே மகள், தனியார் கல்லூரியில் நர்சிங் படிக்கிறாள். என் மாமனார் கட்டிய வீடு அண்ணியின் பெயரில் இருக்கிறது. வீட்டு வரி ரசீது, கரண்ட் பில், பான், ஆதார் எல்லாம் ஒரே பெயரில். அவர் கல்யாணமாகியும் அப்பாவின் இனிஷியலை மாற்றவே இல்லை.

"இதுக்கா மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு இருக்க? என் பேர்ல போடு," என்றார். "என் பேரு சும்மாதான கெடக்குது."

அப்போது அது எனக்குப் பெரிய உதவியாகத்தான் தெரிந்தது. ஒரு நடைமுறைக்காகத்தான் அண்ணி, வேறொன்றுமில்லை என்று நான் சொன்னேன். அந்த வார்த்தையை எத்தனை முறை சொன்னேன் என்று நினைத்தால் இப்போது கூசுகிறது.

முகவரி விழுப்புரம் என்பதால் பார்சல் எடுக்கிற பையன்களும் அங்கேதான் வருவார்கள். தைத்த துணிகளை மூட்டையாகக் கட்டி என் கணவர் பைக்கில் கொண்டு போய்க் கொடுப்பார். அண்ணி மடித்து, கவரில் போட்டு, முகவரிச் சீட்டு ஒட்டி அனுப்புவார். முன்பு அவர் ஒரு துணிக்கடையில் பில் போட்ட துணியைப் பையில் போட்டுத் தரும் வேலையில் இருந்தார். அதனால் அவர் மடித்தால் ஒரு சுருக்கம் இருக்காது. வாங்கியவர்கள் எழுதுகிற பாராட்டுகளில் பாதி பேக்கிங்கைப் பற்றித்தான். ஆர்டர் கூடியதும் அந்தக் கடை வேலையை விட்டுவிட்டார். நான் விடச் சொல்லவில்லை. விட வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஒரு பாக்கெட்டுக்கு ஐந்து ரூபாய் என்று முதல் மாதம் நான்தான் சொன்னேன். அதன் பிறகு அந்தப் பேச்சு எங்களுக்குள் வரவே இல்லை. விற்ற பணம் அவர் கணக்கில் விழும். தன் ஐந்து ரூபாய்க் கணக்கை எடுத்துக்கொண்டு மீதியை அப்படியே எனக்கு அனுப்பிவிடுவார். துணி, தையல் போக எவ்வளவு மிஞ்சுகிறது என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

மாதா மாதம் ஜி.எஸ்.டி. படிவத்தை நான்தான் நிரப்புவேன். கடைசியில் ஓ.டி.பி. அவர் போனுக்குப் போகும். கூப்பிடுவேன்.

"வந்துதா அண்ணி?"

"இரு, கண்ணாடிய எங்க வெச்சேன்... ம், எழுதிக்கோ." ஒவ்வோர் எண்ணாகச் சொல்வார். "போட்டியா? பச்சைக் கலர்ல வந்துடுச்சா?"

"வந்துடுச்சு அண்ணி."

"சரி, பாப்பாவுக்கு கேப்பைக் கூழு குடு. எளச்சிக்கினே போறா."

அவ்வளவுதான். எதற்குச் சம்மதம் சொல்கிறோம் என்று அவர் கேட்டதில்லை. நானும் அந்தப் படிவத்தைப் படித்துக் காட்டியதில்லை. மேலே கூறியவை உண்மை என்று கடைசியில் ஒரு வரி இருக்கும். அந்த வரிக்குக் கீழே அவர் பெயர் இருக்கும்.

பதிவுச் சான்றிதழை வியாபாரம் நடக்கும் இடத்தில் மாட்டி வைக்க வேண்டும் என்பது விதி. அதையும் நான்தான் சொன்னேன். அண்ணி அதை லேமினேஷன் செய்து, கூடத்தில் டிவிக்கு மேலே மாட்டினார். பெயருக்கு எதிரே ‘உரிமையாளர்’ என்று பேனாவால் தமிழில் எழுதச் சொல்லி மகளைக் கேட்டாராம். அவள், அதன்மேல் எழுதக்கூடாதும்மா என்று தடுத்துவிட்டாளாம்.

போன மாதம் கல்லூரி உதவித்தொகைக்காக வருமானச் சான்றிதழ் கேட்டு அண்ணி விண்ணப்பித்தார். உதவித்தொகை வந்தால்தான் அந்தப் பெண் மேற்கொண்டு படிக்க முடியும். விசாரணைக்கு வி.ஏ.ஓ. வீட்டுக்கு வந்தார். அன்று மதியமே எனக்குப் போன் வந்தது.

"வி.ஏ.ஓ. வந்தாருடி. நல்ல மனுஷன். செவுத்துல மாட்டிக்கினு இருக்கறதப் பாத்துட்டு, இன்னாம்மா, ஓனரா நீங்கன்னாரு. ஆமாங்க, டில்லி வரைக்கும் பொட்டலம் போய்க்கினு இருக்குதுன்னேன்."

"அண்ணி... அப்படியா சொன்னீங்க?"

"பின்ன, பேரு போட்டு மாட்டி வெச்சிக்கினு இல்லேன்னா சொல்றது? திருட்டுக் கடைன்னு நெனச்சிக்க மாட்டாரா?"

"அவர் என்ன சொன்னாரு?"

"வருமான வரிக்கு எழுதிக் குடுத்த பேப்பரக் குடுங்க, அதப் பாத்துப் போட்டுடறேன்னாரு. நீ அத ஜல்தியா அனுப்பு. இவ வேற காலேஜுல தேதி முடியுதுன்னு பேஜாரு பண்ணிக்கினு இருக்கா."

அப்படி ஒரு பேப்பர் இல்லை. முதல் வருடம் விற்பனை குறைவு என்று விட்டுவிட்டேன். இந்த வருடக் கணக்கு இன்னும் எழுதப்படவில்லை. அதனால்தான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஆடிட்டரிடம் ஓடினேன்.

அவர் கணினியில், வருமான வரித் துறையின் தளத்தில் அண்ணியின் பெயரில் இருந்த வருடாந்திரத் தகவல் பட்டியலைத் திறந்தார். ஆப் நிறுவனம் விற்பனை முழுவதையும், பிடித்த வரியையும் ஒன்றுவிடாமல் தெரிவித்திருந்தது. திரும்பி வந்த துணிகளின் விலைகூட அதில் சேர்ந்திருந்தது. நான் கொண்டு போன துணி, தையல், தபால் செலவுக் கணக்கைக் கழித்துப் பார்த்தார்.

"அவங்களுக்கு எவ்வளவு குடுக்கறீங்க?"

"பாக்கெட்டுக்கு அஞ்சு ரூபா மேடம்."

"ஓனருக்கா?"

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். மிச்சமான லாபம் அதில் இருந்தது. தெரியாத தொகை இல்லை. ஆனால் அண்ணியின் பெயருக்கு நேராக அதைப் பார்த்தபோது, வேறு யாருடைய பணத்தையோ எடுத்துச் செலவழித்துவிட்டது போல இருந்தது. அதில் பெரும்பகுதி என் பாப்பாவின் பெயரில் போட்ட சேமிப்புக் கணக்கில் இருக்கிறது. மீதி பைக் தவணைக்குப் போனது.

ஆடிட்டர் பொறுமையாகச் சொன்னார். சின்ன வியாபாரிகள் விற்பனையில் ஆறு சதவீதத்தை லாபமாகக் காட்ட ஒரு வழி உண்டு. ஆனால் உண்மையான லாபம் அதைவிட அதிகம் என்று தெரிந்தால் உண்மையைத்தான் எழுத வேண்டும். உண்மையை எழுதினால் அண்ணியின் வருமானம் உதவித்தொகை வரம்பைத் தாண்டிவிடும். லாபம் என்னுடையது என்று சொல்ல வேண்டுமானால், இத்தனை மாதமும் கடை அவருடையது என்று எழுதிக் கொடுத்த படிவங்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டும்.

"யோசிச்சு சொல்லுங்க. ஆனா யோசிக்க ரொம்ப நாள் இல்ல," என்றார்.

என் கணவர் இரண்டு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "ஆறு பர்சென்ட் போட்டுட்டு வேலயப் பாரு. எல்லாரும் அப்படித்தான் போடறாங்க. எங்க அக்கா இன்னா, உன்கிட்ட கணக்கா கேக்கப் போறாங்க?"

அவர் என்னைச் சமாதானப்படுத்தத்தான் அப்படிச் சொன்னார். அண்ணி கேட்க மாட்டார் என்பதுதான் என்னை உறுத்தியது. ஆறு சதவீதம் என்றால் படிப்பும் தப்பிக்கும், நானும் தப்பிப்பேன். இரண்டில் எதற்காக அதை விரும்புகிறேன் என்று எனக்கே நிச்சயமில்லை. ஆனாலும் ஆடிட்டருக்குப் போன் செய்து, அப்படியே தயார் செய்யுங்கள் மேடம் என்றேன். லாபம் அதைவிடக் கூடுதல் என்று தெரிந்தேதான் சொல்கிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். "உங்க அண்ணிகிட்ட முதல்ல பேசிட்டு வாங்க. சம்மதம் அவங்கதான் சொல்லணும். நான் படிவத்தத் தயார் பண்ணி மட்டும் வெக்கறேன்," என்றார்.

பேசிவிடுவது என்ற முடிவோடு மறுநாள் பாப்பாவையும் தூக்கிக்கொண்டு விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் வாக்கியங்களை அமைத்துப் பார்த்தேன். புதிய பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடிப்பதற்குள் எல்லாம் கலைந்துவிட்டது.

அண்ணி கூடத்தில் உட்கார்ந்து ஜப்லாக்களை மடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அக்கா வாசற்படியில் நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா முதலாளியம்மா, ஸ்காலர்ஷிப்புக்கு எழுதிப் போட்டுக்கினு இருக்கியாமே?"

"ஏன், முதலாளி பொண்ணு படிக்கக் கூடாதுன்னு சட்டமா? உனக்கு வேணும்னா நீயும் ஒரு கடை போடு."

"எனக்கு யாரு உன்னாட்டம் தம்பி பொண்டாட்டி கெடச்சிருக்கா?"

"அது சரி," என்று அண்ணி என்னைப் பார்த்துச் சிரித்தார். "இவ இல்லேன்னா நான் இன்னும் அந்தத் துணிக்கடையில பைய நீட்டிக்கினு நின்னுருப்பேன்."

பக்கத்து வீட்டு அக்கா போன பிறகு சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அவர் போனார். பாப்பா டேப் சுருளை இழுத்துக் காலில் சுற்றிக்கொண்டாள். அதைப் பிரித்துக்கொண்டிருந்தபோது ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். படிவம் தயார், உங்கள் அண்ணி சம்மதித்துவிட்டால் ஓ.டி.பி. அனுப்புகிறோம் என்றார்கள். அண்ணி எதிரே உட்கார்ந்திருந்தார். நான் அனுப்புங்கள் என்றேன்.

அடுத்த நிமிடமே அண்ணியின் போன் ஒலித்தது. பழக்கத்தில் அவரே கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"வந்துக்கினு இருக்குது. எழுதிக்கோ."

முதல் எண்ணைச் சொன்னார். இரண்டாவது எண்ணையும் சொன்னார். எப்போதும் தொலைவிலிருந்து கேட்கிற அந்தக் குரலை அன்றுதான் முகத்துக்கு நேராகக் கேட்டேன்.

"வேணாம் அண்ணி. இப்ப வேணாம்."

"ஏன்டி? டைம் முடிஞ்சிடும்."

"சர்வர் சரியில்லையாம். அப்புறம் போட்டுக்கலாம்."

"இவங்க சர்வரு எப்பத்தான் ஒழுங்கா இருந்துது," என்று சொல்லிவிட்டுப் போனைக் கீழே வைத்தார். எனக்குத் தட்டில் சோறு போட்டார். நான் சாப்பிட்டேன். சொல்ல வந்த ஒன்றையும் சொல்லாமல் மாலை பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டேன். நேற்றும் கேட்டார், இன்று காலையும் கேட்டார். சர்வர் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன். கல்லூரியில் இன்னும் ஒரு வாரம்தான் அவகாசம் தந்திருக்கிறார்கள்.

இதைப் படிப்பவர்களில் ஆன்லைனில் விற்பவர்கள் இருப்பீர்கள். வீட்டில் ஒருவர் பெயரில் தொழிலும் இன்னொருவர் கையில் பணமுமாக இருக்கிற குடும்பங்களும் இருக்கும். எனக்கு யோசனை சொல்லுங்கள். உண்மை லாபத்தை அண்ணியின் பெயரிலேயே எழுதி, உதவித்தொகை போனால் அந்தப் பெண்ணின் கட்டணத்தை நான் கட்டிவிடுவது சரியா? அதை உதவி என்று சொல்லிக் கொடுப்பதா, உங்கள் பங்கு என்று சொல்லிக் கொடுப்பதா? இப்போது என் ஆதாரும் பானும் பொருந்திவிட்டன. அண்ணியின் வீட்டு முகவரியிலேயே கடையை என் பெயருக்கு மாற்றினால் கணக்கு நேராகும். ஆனால் அவர் சுவரிலிருந்து அந்தச் சான்றிதழைக் கழற்றச் சொல்ல எனக்கு வாய் வருமா? பாக்கெட்டுக்கு ஐந்து ரூபாய் என்பது எவ்வளவாக இருந்திருக்க வேண்டும்? எல்லாவற்றுக்கும் பதில் எழுத நேரமில்லாவிட்டால், அண்ணியிடம் முதல் வாக்கியமாக எதைச் சொல்வது என்று மட்டுமாவது எழுதுங்கள்.