கடிதத்தை முந்திய மெயில்

என் கணவர் மஸ்கட்டில் இருந்த காலத்தில் அவருக்குச் செய்தி அனுப்ப எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, நானே கைப்பட எழுதும் கடிதம். போய்ச் சேரப் பன்னிரண்டு நாள் ஆகும், சில சமயம் இருபது. இன்னொன்று, குத்தாலம் கடைத்தெரு பிரௌசிங் சென்டரிலிருந்து போகும் மெயில். அன்றைக்கே போய்விடும், ஆனால் என் கையால் போகாது. சென்டர் வைத்திருந்தவர் என் கணவருக்குச் சித்தப்பா மகன், எனக்குக் கொழுந்தன் முறை. நாம் சொல்லச் சொல்ல அவர் அடிப்பார். எங்கள் ஊரில் வெளிநாட்டில் ஆள் இருந்த அத்தனை வீட்டுக்கும் அவருடைய ஒரே மெயில் முகவரிதான். வருகிறதையெல்லாம் படித்து, பிரிண்ட் எடுத்து, வீட்டுவாரியாக மடித்து வைத்திருப்பார். படிக்காமல் எப்படிப் பிரிப்பார், பாவம்.

போன் என்று கேட்பீர்கள். அவர் தங்கியிருந்த கம்பெனி கேம்ப்புக்கு நாங்கள் கூப்பிட முடியாது. அவர்தான் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுக்குக் கூப்பிடுவார். அங்கே என்னைச் சுற்றி எட்டுப் பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். "சாப்டீங்களா?" என்று கேட்டுவிட்டு ரிசீவரை மாமனாரிடம் கொடுத்துவிடுவேன்.

அவர் ஆசைப்பட்டு ஒன்றும் போகவில்லை. ஆற்றில் தண்ணீர் வராமல் குறுவை போயிற்று, அடுத்து சம்பாவும் பாதி கருகியது. வெல்டிங் தெரிந்த கை, இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் கிளம்பிவிட்டார். அப்போது நான் ஆறு மாத கர்ப்பம்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். மாமனார் சென்டருக்குப் போனால் முதலில் "தோத்திரம்" என்று அடிக்கச் சொல்வார். அது இங்கிலீஷ் எழுத்தில் தமிழாகப் போகும். அடுத்த வரி எப்போதும் "இங்கு எல்லாரும் சுகம்." வீட்டில் யார் படுத்துக் கிடந்தாலும் அந்த வரி மாறாது. தூரத்தில் இருக்கிற பிள்ளைக்குக் கெட்டதைச் சொன்னால் அவன் கை வேலையில் நிற்காது, அங்கே இரும்பும் நெருப்புமாக வேலை பார்க்கிறவன் என்பார். அவர் மட்டுமில்லை, எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இப்படித்தான். மாடு செத்தாலும் சுகம், மனிதர் படுத்தாலும் சுகம்.

எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. நாற்பது நாள் இருந்தாள். காய்ச்சல் கண்டு மூன்றாம் நாள் போய்விட்டாள். அந்தச் செய்தியும் மெயிலில்தான் போனது. மாமனார் சொன்னார், கொழுந்தன் அடித்தார்: "தோத்திரம். இங்கு எல்லாரும் சுகம். குழந்தை தவறிவிட்டது. கவலைப்படாதே, வேலையைப் பார்." இந்த வரிசையில்தான். கொழுந்தன் அதற்கும் ஒரு பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார்; அந்தத் தாளை வெகுநாள் கழித்துப் பார்த்தேன். பார்த்தபோது வந்த ஆத்திரம் இன்னும் எனக்குத் தணியவில்லை.

அதற்குப் பிறகு நான் ஒழுங்காகத் தூங்கியதில்லை. சோறு வடிப்பேன், மாமனாருக்குப் போடுவேன், நான் சாப்பிட்டேனா இல்லையா என்பது மறந்துபோகும். மத்தியானத்தில் துணி துவைக்கிறேன் என்று ஆற்றுப் பக்கம் போய் வெறும் மணலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். தண்ணீர் இல்லை என்று ஊரே அழுத வருஷம் அது. தண்ணீர் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே பயமாக இருக்கிறது. இதை யாரிடம் சொல்வது? சொன்னால், "அடுத்தது பொறக்கும், போம்மா" என்பார்கள். அடுத்தது பிறக்கப் புருஷன் ஊரில் இருக்க வேண்டாமா?

இரண்டு வருஷம் முடியப் போகிறது, வந்துவிடுவார் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நாளை ஓட்டினேன். அப்போது அவரிடமிருந்து மெயில் வந்தது. கம்பெனியில் இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டிருந்தார். மாமனார் அதை இரண்டு முறை படித்துவிட்டு, பைபிளுக்குள் வைத்தார்.

மாதக் கடைசிக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது. நான் விரல் விட்டு எண்ணினேன். கடிதம் இருபது நாள் எடுத்துக்கொண்டாலும் போய்ச் சேர்ந்துவிடும். மெயிலில் சொன்னால் அன்றைக்கே தெரியும். ஆனால் என் மனசு இப்படி ஆகிவிட்டது என்பதை ஒரு கொழுந்தனிடம், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எப்படிச் சொல்வது? கடிதம்தான் என்று முடிவு செய்தேன்.

மாமனார் மத்தியானம் கண் அசந்த நேரத்தில், அரிசி டிரம்மின் மேல் தாளை வைத்து எழுதினேன். மேலே சின்னதாகச் சிலுவை போட்டேன். 'சுகம்' என்று எழுதவில்லை. "இன்னும் மூணு வருஷம் என்னால் முடியாது. எனக்குப் புத்தி சரியாக இல்லை. கஞ்சி குடித்தாலும் சேர்ந்து குடிப்போம். தயவு செய்து கையெழுத்துப் போடாமல் வந்துவிடுங்கள்." இதைத்தான் நாலு பக்கத்துக்குத் திரும்பத் திரும்ப எழுதியிருந்தேன். நானே நடந்து போய்த் தபாலாபீசில் சேர்த்தேன்.

மூன்றாம் நாள் மாமனார் சட்டையை மாட்டிக்கொண்டு, "வாம்மா, குத்தாலம் போய்ட்டு வந்துடுவோம். அவன் கேட்டு நாலு நாள் ஆச்சு, பதில் சொல்லாம இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. மகன் முடிவுக்குத் தான் குறுக்கே நிற்கக் கூடாது என்று நினைத்தவர். சென்டரில் உட்கார்ந்து சொன்னார்: "தோத்திரம். இங்கு எல்லாரும் சுகம். உன் இஷ்டம் போல் செய். மருமகளுக்கும் சம்மதம்."

என்னை யாரும் கேட்கவில்லை என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் கொழுந்தன் திரும்பிப் பார்த்து, "நீங்க ஏதாவது சொல்லணுமா அண்ணி?" என்று கேட்டார். என் வாயில் ஒரே ஒரு வரி இருந்தது. 'லெட்டர் ஒண்ணு வருது, அதைப் படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க.' அவ்வளவுதான். சொன்னால் மாமனார், "என்ன லெட்டர்?" என்பார். பின்னால் இரண்டு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள், அதில் ஒருவர் எங்கள் கோவில் உபதேசியார்.

"ஒண்ணுமில்ல தம்பி, அதே போதும்" என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கெடு இருக்கிறதே, எதற்கு அவசரப்படுவார், கடிதம் போய்விடும், எழுத்தைப் பார்த்தாலே புரிந்துகொள்வார். வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே வாசலுக்கு ஓடுவேன். மாதக் கடைசி வந்து, போயும் விட்டது.

அவர் பதில் கடிதமாகவே வந்தது. ஒரு பக்கம்தான்.

"உன் கடிதம் வியாழக்கிழமை கைக்கு வந்தது. மெயில் வந்த மறுநாளே கையெழுத்துப் போட்டுவிட்டேன். உனக்கும் சம்மதம் என்றுதானே அதில் இருந்தது? உனக்கு அப்படி இருக்கும்போது ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? இதில் நீ சொன்னது எது? அதுவா, இதுவா?"

அவர் மேல் கோபப்பட எனக்கு வழியே இல்லை. படித்து முடித்ததும் தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அன்று முழுக்க அடுப்பு பற்றவைக்கவில்லை.

மறுநாள் காலை யாரிடமும் சொல்லாமல் தனியாகக் குத்தாலம் பஸ் ஏறினேன். சென்டரில் கூட்டம். கொழுந்தன், "உக்காருங்க அண்ணி, பெரியப்பா வரலையா?" என்றார்.

"வரல. நான் சொல்றேன், அடிங்க தம்பி. தோத்திரம் வேணாம், சுகம் வேணாம். லெட்டர்ல இருக்கறதுதான் நான் சொன்னது. குழந்தை போனதுலேர்ந்து என்னால இங்க இருக்க முடியல. ஆத்துல தண்ணி வந்துடுமோன்னு பயமா இருக்கு. எப்படியாவது வந்துடுங்க."

சத்தமாகத்தான் சொன்னேன். பக்கத்து நாற்காலியில் இருந்தவர் எழுந்து வெளியே போய்விட்டார். கொழுந்தனின் விரல் நின்றது, பிறகு அடித்தது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "அண்ணி, இதை அப்படியே அனுப்பட்டுமா?"

"அப்படியே அனுப்புங்க."

அனுப்ப ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நாலு நாள் கழித்துப் பதில் வந்தது: கையெழுத்துப் போட்ட பிறகு கம்பெனி பாஸ்போர்ட்டைத் தர மாட்டேன் என்கிறது, அழுதும் பார்த்துவிட்டேன் என்று. அவர் மூன்று வருஷம் முடித்துத்தான் வந்தார்.